ஒழுகாத எஞ்சின்

“என் எஞ்சினை யாரோ திருடிட்டாங்க” என்றார் டைலரம்மா.

அவர் அதைச் சொன்ன நேரத்தில் கொட்டகையின் நடுவில் நின்ற அந்த நீளமான பழைய கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பானெட்டுக்குள் ஆறு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்துச் சத்தம் கொடுத்தன.

துப்பறிவாளர் காரைப் பார்த்தார். டைலரம்மாவைப் பார்த்தார். மறுபடியும் காரைப் பார்த்தார். ஊரில் அவருக்கு நிதானம் என்று பெயர். லாரி எடை மேடையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். முள் ஆடி நிற்கும் வரை எடையை எழுதமாட்டார். எடை மேடையை மூடிய பிறகு துப்பறிய வந்துவிட்டார். வேலைதான் மாறியது, பழக்கம் மாறவில்லை.

அவருடைய உதவியாளர் கடுகுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நாலரை அடி உயரம். முன்பு செல்போன் ரிப்பேர் பார்த்தவள். ஸ்கூட்டரை அவள் ஓட்டுவாள், அவர் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். பேச்சிலும் அப்படித்தான்.

“யாரோ போட்டுட்டுப் போக இது என்ன செருப்பாக்கா? எஞ்சின் உள்ளதான இருக்கு. சத்தம் போடுது, புகை விடுது. வேற என்ன செய்யணும், வணக்கம் சொல்லணுமா?”

“இருக்கு. ஆனா இது என்னோடது இல்லை” என்று சொல்லிவிட்டு டைலரம்மா சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். “என்னோடது ஒழுகும்.”

கொட்டகை அமைதியானது. காரின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நாலு தையல் மெஷின்கள். மூன்றில் மூன்று பெண்கள் குனிந்து தைப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். நாலாவது டைலரம்மாவுடையது. கார் நிற்கிற இடத்தில் கடையா, கடை நடக்கிற இடத்தில் காரா என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பம் வரும். துணி வெட்ட மேஜை போதாதபோது பானெட்டின் மேல் போட்டு வெட்டுவார்கள்.

டைலரம்மா இரண்டு துண்டுத் துணிகளை எடுத்து விரித்தார். வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துணி.

“தினம் கடை சாத்தும்போது எஞ்சினுக்கு அடியில ஒண்ணு விரிப்பேன். இது சனிக்கிழமை விரிச்சது. பாருங்க.”

அதில் மூன்று எண்ணெய்ச் சொட்டு. ஒன்று கோட்டுப் பொத்தான் அளவு, ஒன்று சட்டைப் பொத்தான் அளவு, ஒன்று ஊக்கு அளவு.

“இருபது வருஷத்துக்கு மேல இதே மூணு சொட்டு, இதே இடம். இது திங்கட்கிழமை விரிச்சது.”

சலவைக்குப் போய் வந்ததுபோல் இருந்தது.

“ஒழுகலைன்னா நல்லதுதானேக்கா?” என்றாள் கடுகு.

“எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா இருமுறார். ஒரு நாள் திடீர்னு இருமல் நின்னு போச்சுன்னா நான் போர்த்திக்கிட்டுத் தூங்குவேனா, எழுந்து போய்ப் பாப்பேனா?”

“பாத்தீங்களா? என்ன ஆச்சு?”

“உதாரணத்துக்குச் சொன்னேன்மா. அவர் வீட்ல இருமிட்டுதான் இருக்கார்.”

நிதானம் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “எஞ்சின் மாறினா உங்களுக்கு என்ன போகும்?”

“எல்லாம் போகும்” என்றார் டைலரம்மா. ஊசியில் நூல் கோர்க்கிற குரலில், அழாமல் சொன்னார்.

விஷயம் இதுதான். கார் அவருடைய அப்பா புதிதாக வாங்கியது. எதிரே வருகிற யாரையும் நிறுத்தி, இந்தக் காரில் இருப்பது பிறந்த எஞ்சின், வந்த எஞ்சின் இல்லை என்று அரை மணி நேரம் பேசாமல் அவர் விட்டதில்லை. மூத்த மகள் சிக்கனக்காரி, தான் கண்ணை மூடினதும் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினை உள்ளே இறக்கிவிடுவாள் என்று அவருக்குப் பயம். அதனால் உயிலில் எழுதி வைத்தார். தான் போன பிறகு ஆறு வருஷம், அதாவது சிலிண்டருக்கு ஒரு வருஷம், பொறுக்க வேண்டும். அதன் பிறகு வாகனப் பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும். அன்றைக்கு அசல் ஆறு சிலிண்டர் எஞ்சின் காருக்குள் இருந்து ஓடினால் காரும் கொட்டகையும் மூத்தவளுக்கு. வேறு எஞ்சின் இருந்தாலோ, ஓடாவிட்டாலோ இரண்டும் சின்ன மருமகனுக்கு.

“அவருக்கு ஏன்?” என்றார் நிதானம்.

“வரும்போதெல்லாம் காரைத் துடைச்சிட்டுப் போவார். அப்பா அதுல மயங்கிட்டார்.”

“பரிசோதகர் எப்ப வர்றார்?”

“இன்னிக்கு நாலு மணிக்கு.”

கடுகு செல்போனைப் பார்த்தாள். பத்தே கால். “எங்களை நேத்தே கூப்பிட்டிருக்கலாமேக்கா.”

“நேத்து யூனிஃபார்ம் டெலிவரி இருந்துச்சு.”

நிதானம் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். காருக்கு நேர் மேலே ஓடிய இரும்பு உத்தரத்தில் ஓரிடத்தில் பெயிண்ட் புதிதாக உரிந்து கிடந்தது. சங்கிலி உரசிய தடம். இவ்வளவு பெரிய எஞ்சினை நாலு பேர் கையால் தூக்கினால் நாலு பேருக்கும் இடுப்பு போகும், எஞ்சினும் போகும். செயின் பிளாக் மாட்டித்தான் இறக்க வேண்டும்.

“ஊர்ல செயின் பிளாக் யார்கிட்ட இருக்கு?”

“ஒரே ஆள்கிட்டதான். பழைய இரும்புக்கடைக்காரர். அந்தக் காலத்துல அப்பாவோட மெக்கானிக் அவர்தான்.”

“ஞாயித்துக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?”

“நாலு பேரும் துணி எடுக்க வெளியூர் போயிருந்தோம். பூட்டு உடையலை. ஒரு சாவி எங்கிட்ட. இன்னொண்ணு தங்கச்சி வீட்ல.”

“அதாவது காரைத் துடைக்கிற மருமகன் வீட்ல” என்றாள் கடுகு. “கேஸ் முடிஞ்சுதுண்ணே, கிளம்பலாம்.”

“சாவி வச்சிருந்தா திருடன்னு ஆகாது. உள்ள போய்ப் பாரு.”

கடுகு அதற்காகவே அளவெடுத்துச் செய்தவள்போல் காருக்கு அடியில் சறுக்கி மறைந்தாள். டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் அலைந்தது. அடியிலிருந்து குரல் வந்தது.

“எஞ்சின் நம்பர் இருக்கு. முன்னாடி பூரா அழுக்கு. கடைசி நாலு எண் மட்டும் தெரியுது. நாலு, நாலு, ஒண்ணு, ஏழு.”

நிதானம் துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். “உங்க எஞ்சின் நம்பர் என்னம்மா?”

“யாருக்குத் தெரியும்? பதிவுப் புத்தகத்துல இருக்கும். அதைப் பரிசோதகர் போன வாரமே வாங்கிட்டுப் போயிட்டார்.”

“அண்ணே,” என்றது அடிக்குரல், “இங்க ஒரு ஓட்டையை அடைச்சிருக்கு. துவரம்பருப்பு அளவு. வெள்ளையா, வழவழன்னு. மெக்கானிக் அடைச்சா கருப்பா, அசிங்கமா இருக்கும். இது பாலிஷ் போட்டிருக்கு.” மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “மோந்து பாத்தேன். கிராம்பு வாசனை வருது.”

நிதானம் டைலரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “உங்க மாப்பிள்ளை என்ன வேலை பாக்கிறார்?”

“பல் டாக்டர்.”

மூன்று மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன.

*

பல் டாக்டரின் கிளினிக் மூன்றாவது தெருவில், மாடியில் இருந்தது. சுவர் வெள்ளை, தரை வெள்ளை, திரை வெள்ளை. காத்திருக்கும் அறையில் ஒரு பெஞ்சு, சில பழைய வாரப் பத்திரிகைகள், நடுவில் வெள்ளைப் படுக்கை விரிப்புப் போட்ட மேஜை. அதன் மேல் கையை ஊன்றியபடி கன்னம் வீங்கிய ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“பல் வலின்னு சொல்லு. அவர் உன் வாயைப் பாக்கட்டும், நான் இடத்தைப் பாக்கிறேன்” என்று படியேறும்போதே நிதானம் சொல்லியிருந்தார்.

“எனக்கு வலியே இல்லையேண்ணே.”

“பொய்தானே. உனக்குப் புதுசா?”

டாக்டர் நாற்பது வயதுக்காரர். வெயில் படாத நிறம். வரவேற்கும்போதே கடுகின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கருப்பு மசியைத் தன் பஞ்சால் துடைத்துவிட்டார். அது அவருடைய மனைவியின் அக்கா கார் அடியிலிருந்து வந்த மசி என்று அவருக்குத் தெரியாது. நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார்.

“கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முன்னாடி. ஓட்டை இருக்கு.”

“இல்லை டாக்டர், சும்மா லேசா...”

“ஓட்டையைப் பாத்துட்டு என்னால சும்மா போக முடியாது. எங்க பாத்தாலும் அடைச்சிடுவேன். கை கேக்காது.” ஊசி உள்ளே போனது. பஞ்சு உள்ளே போனது. ஊரில் யாராலும் மூட முடியாத வாய் அன்று மூடியது.

வெளியே நிதானம் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை ஒன்றைப் புரட்டினார். டொக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொக். மேஜைக்கு அடியிலிருந்து வந்தது.

“நல்ல டேபிள் சார்” என்றார் கன்னம் வீங்கியவர். “ஞாயித்துக்கிழமைலேர்ந்து இருக்கு. கொஞ்சம் ஒழுகும். கேட்டா, வயசாச்சுன்னு டாக்டர் சொல்றார்.”

நிதானம் குனிந்து விரிப்பைத் தூக்கினார். உள்ளே ஓர் ஆறு சிலிண்டர் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. அடியில் பல் டாக்டர்கள் கருவி வைக்கிற வளைந்த தட்டு, மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வீதம் விழுந்துகொண்டிருந்தது. எஞ்சினை அவ்வளவு அக்கறையாகத் துடைத்து வைத்திருந்தார்கள். நம்பர் தெளிவாகத் தெரிந்தது. கடைசி நாலு எண்: ஒன்பது, பூஜ்யம், மூன்று, இரண்டு.

அதையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பிறகு எஞ்சினைக் காரோடு முடுக்குகிற நாலு கால்களையும் விரலால் தடவிப் பார்த்தார். மூன்றில் போல்ட் துளை வட்டமாக இருந்தது. நாலாவதில் முட்டை வடிவமாக நீண்டிருந்தது. யாரோ அரத்தால் ராவிப் பெரிசாக்கியிருக்கிறார்கள். ராவிய இடத்தில் வருஷக்கணக்கான துரு.

அந்தத் துளைக்குள் விரலை விட்டபடி அவர் வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“சாருக்கு எந்தப் பல்லு?” என்றார் கன்னம் வீங்கியவர் பரிவாக.

*

தெருவுக்கு வந்தபோது மணி ஒன்று. கடுகின் முகத்தில் பாதி சிரித்தது, பாதி சும்மா இருந்தது.

“ஒரு பொய் சொல்லப் போய் உண்மையாவே ஓட்டை. இந்த வேலைக்கு இன்னும் என்னல்லாம் குடுக்கணுமோ தெரியலை.” அவள் வாயைத் திறந்து காட்டினாள். “மோந்து பாருங்க. கிராம்பு. எஞ்சின்ல இருக்கிற அதே மருந்து. சாட்சி என் வாய்க்குள்ளயே இருக்கு.”

“அசல்னு நீ நினைக்கிற எஞ்சின் உள்ள டேபிளா இருக்கு” என்றார் நிதானம்.

கடுகு ஸ்கூட்டரை உதைப்பதை நிறுத்தினாள். “அப்ப எடுத்துட்டுப் போய் மாட்ட வேண்டியதுதானே.”

“கழட்டி மாட்ட ஒரு நாள் பூரா ஆகும். நமக்கு மூணு மணி நேரம் இருக்கு.” அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “கடுகு, அளவெடுத்துத் தச்ச சட்டைல, அக்குள்ல துணி போதாம ஒட்டுப் போட்டிருப்பாங்களா?”

“வாய் மரத்துப் போனது எனக்கு. உளர்றது நீங்களா?”

“போட்டிருப்பாங்களா, மாட்டாங்களா?”

“அளவெடுத்துத் தச்சா எதுக்கு ஒட்டு? அடுத்தவன் சட்டையை வாங்கி நம்ம உடம்புக்கு ஏத்தினாதான் ஒட்டு.”

“அவ்வளவுதான். என்னை அந்த அம்மா கடைல விட்டுட்டு நீ பழைய இரும்புக்கடைக்குப் போ. அவரைக் கூட்டிட்டு நாலு மணிக்கு வந்துடு.”

“கூப்பிட்டா வருவாரா?”

“செயின் பிளாக்கைப் பத்திக் கேக்காதே. உங்களுக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வருதான்னு மட்டும் கேளு. தானா வண்டில ஏறுவார்.”

கொட்டகையில் டைலரம்மா எல்லாவற்றையும் கேட்டார். எஞ்சின் எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டவில்லை. தன் மெஷினிலிருந்து பாபினைக் கழற்றி டப்பாவில் போட்டார்.

“வீட்ல ஒரே ரூம். கட்டில் போட்டா மெஷின் போட முடியாது. ஒண்ணு வேணா சமையல்கட்டு வாசல்ல போடலாம். மத்த மூணும்...” அவர் மூன்று பெண்களையும் பார்த்தார். “இவளுங்க எங்க போவாளுங்க?”

“பாபினைத் திரும்பப் போடுங்கம்மா. முள் இன்னும் நிக்கலை” என்றார் நிதானம்.

“என்ன முள்ளு?”

அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய துப்பறியும் முறையில் வாடிக்கையாளர்களுக்கு இருக்கிற ஒரே குறை அதுதான்.

*

பரிசோதகர் சரியாக நாலு மணிக்கு வந்தார். அட்டையில் செருகிய படிவம், அதில் முப்பத்தொரு கட்டம், காதில் பேனா. கட்டத்துக்கு வெளியே உள்ள எதையும் அவர் பார்ப்பதில்லை. “கட்டம் ஒண்ணு. கார் இருக்கிறதா. இருக்கிறது” என்று எழுதிவிட்டு இரண்டாவதுக்குப் போனார்.

பல் டாக்டர் அவருக்கு முன்பே வந்துவிட்டார். மேஜை மேல் கிடந்த டைலரம்மாவின் அளவு டேப்பையே எடுத்து, சுவரை அளந்துகொண்டிருந்தார்.

“என்ன மாப்ள அளக்கிறீங்க?”

“சும்மாதான்கா. ரெண்டாவது நாற்காலி இங்க போட்டா வெளிச்சம் எப்படி விழும்னு பாத்தேன்.”

பரிசோதகர் கட்டம் பதினெட்டுக்கு வந்து, மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷை எடுத்துக் குனிந்தபோது நிதானம் தொண்டையைக் கனைத்தார்.

“அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்தக் கார் எஞ்சின்ல ஒரு ஓட்டையைப் பல் மருந்து வச்சு அடைச்சிருக்கு. சனிக்கிழமை வரைக்கும் இதுல இருந்த எஞ்சின் இந்த டாக்டரோட கிளினிக்ல டேபிளா இருக்கு. ஞாயித்துக்கிழமை சாவி போட்டுத் திறந்து மாத்தினது இவர்தான்.”

டாக்டர் டேப்பைச் சுருட்டி, தூசி தட்டி, மேஜை மேல் வைத்தார். எல்லாரும் மறுப்பார் என்று பார்த்தார்கள். அவர் மறுக்கவில்லை.

“ஆமா, மாத்தினேன். இரும்புக்கடையில அதே மாதிரி பழைய எஞ்சின் ஒண்ணு கிடைச்சுது. ஓட்டையா இருந்துச்சு. காலைல அக்கா ஸ்டார்ட் பண்ணும்போது ஓடலைன்னா சந்தேகம் வரும்னு அடைச்சேன். இப்ப என்ன? உயில்ல யார் மாத்தினாங்கன்னு எழுதலை. இன்னிக்கு உள்ள எது இருக்குன்னுதான் எழுதியிருக்கு.” அவர் பரிசோதகரிடம் திரும்பினார். “இது வேற எஞ்சின். நானே சொல்றேன். எழுதிக்கோங்க.”

பரிசோதகர் படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். “திருட்டுக்குக் கட்டம் இல்லை” என்றார் வருத்தமாக. “எஞ்சின் நம்பருக்குத்தான் இருக்கு.”

டைலரம்மா நிதானத்தின் பக்கம் சாய்ந்து, “நீங்க எனக்கு வேலை பாக்கிறீங்களா, அவருக்கா?” என்றார். நிதானம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

பரிசோதகர் பிரஷ்ஷால் தேய்த்தார். அழுக்கு கரைந்து வழிந்தது. அவர் ஒரு கையில் பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, எஞ்சினில் ஒரு எண், புத்தகத்தில் ஒரு எண் என்று மாற்றி மாற்றிப் படித்தார்.

“ஆறு. ஆறு. ரெண்டு. ரெண்டு. எட்டு. எட்டு.”

டாக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நின்றார். நல்ல பற்கள்.

“நாலு. நாலு. நாலு. நாலு. ஒண்ணு. ஒண்ணு. ஏழு.” பரிசோதகர் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “ஏழு. கட்டம் பதினெட்டு. அசல் எஞ்சின்.”

பற்கள் உள்ளே போயின.

“தப்பாப் படிக்கிறீங்க” என்றார் டாக்டர். தானே குனிந்தார், வெள்ளைக் கோட்டோடு மண்ணெண்ணெயில் முழங்கால் ஊன்றிப் படித்தார். புத்தகத்தைப் பிடுங்கிப் படித்தார். இரண்டாவது தடவையும் ஏழு ஏழாகத்தான் இருந்தது. “எப்படி? நான் வேற எஞ்சினைத்தான் வாங்கினேன். நான் வாங்கி, நான் மாட்டினேன்.”

“நான் மாட்டினேன் சார்” என்று வாசலில் ஒரு குரல்.

கடுகின் ஸ்கூட்டரிலிருந்து பழைய இரும்புக்கடைக்காரர் இறங்கிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். எடை தூக்கியே தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் நேராகக் காரிடம் போய் அதைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

“தூக்கத்தைப் பத்திக் கேட்டேண்ணே” என்றாள் கடுகு. “செருப்பு கூடப் போடலை, ஏறி உக்காந்துட்டார்.”

“இருபத்திரண்டு வருஷம் ஆச்சும்மா” என்றார் அவர் டைலரம்மாவிடம். “எஞ்சின்ல ஒரு ஓட்டை விழுந்துச்சு. நானும் என்னென்னமோ வச்சுப் பாத்தேன், அடைக்க முடியலை. உங்க அப்பாகிட்ட முடியலைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. பொறந்த எஞ்சின், பொறந்த எஞ்சின்னு அப்பதான் என்கிட்டயே அரை மணி நேரம் பேசிட்டுப் போனார். வேற வண்டிலேர்ந்து ஒரு எஞ்சினைக் கழட்டி, ஒரு கால் சேராம அரத்தால ராவி, இதுல இறக்கிட்டேன். அதுதான் உங்களுக்கு ஒழுகிட்டு இருந்தது. இதைக் கடைல வச்சிருந்தேன். விக்கவும் மனசு வரலை, பாக்கவும் முடியலை.”

“பொறந்த எஞ்சின்” என்றார் டைலரம்மா மெதுவாக. “அப்பா அந்த வேற எஞ்சினைத் தட்டிக் காட்டிக் காட்டிச் சொல்லிட்டு இருந்தாரா?”

“ஆமாம்மா. ஒவ்வொரு தட்டும் என் நெஞ்சுல விழுந்துச்சு. போன வாரம் டாக்டர் வந்து, இதே மாதிரி எஞ்சின் ஒண்ணு வேணும்னார். ஓட்டை இருக்குன்னேன். அவரே கோட்டைக் கழட்டிட்டு உக்காந்து ஒரு மணி நேரம் அடைச்சார். நான் இருபத்திரண்டு வருஷமா முடியாததை அந்த சின்ன கரண்டியால முடிச்சுட்டார். மாமனார் மேல எவ்வளவு பாசம்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.”

டாக்டர் எழுந்து நின்றார். “அது அசல்னு என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கலையே சார்.”

“அதாவது டாக்டர்,” என்றாள் கடுகு, நன்றாக இருந்த பாதி முகத்தால், “நீங்க ஞாயித்துக்கிழமை வீட்ல படுத்துத் தூங்கியிருந்தா இன்னிக்கு இந்தக் கொட்டகை உங்களுது.”

அதைக் கேட்டதும் டாக்டர் பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் லேசில் விடுகிறவர் இல்லை. “இருபத்திரண்டு வருஷமா வேற எஞ்சின்தானே இருந்துச்சு? அதை எழுதுங்க.”

“முன்னாடி என்ன இருந்ததுன்னு கேக்க இந்தப் படிவத்துல கட்டம் இல்லை” என்றார் பரிசோதகர். சாவியைத் திருப்பினார். ஆறு சிலிண்டரும் எழுந்தன. அவர் தலையாட்டிக்கொண்டே கட்டம் கட்டமாக இறங்கி வந்தார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டு, டார்ச் அடித்து, அந்த வெள்ளை அடைப்பைப் பேனாவின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தார்.

“கட்டம் முப்பத்தொண்ணு. பழுது பார்த்த இடம் நிலைக்குமா. இதுக்கு நான் பதில் எழுத முடியாது, இது என் துறை இல்லை. பழுது பார்த்தவர்தான் சொல்லணும். யாரு?”

எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள்.

டாக்டர் நிமிர்ந்தார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. “நிக்காதுன்னு சொன்னா?”

“தகுதி இல்லைன்னு எழுதுவேன். ஓடுகிற நிலையில் இல்லைன்னு அர்த்தம். கொட்டகை உங்களுக்கு.”

டைலரம்மாவின் கை மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. இதற்கு நிதானத்திடமும் ஒன்றும் இல்லை. இந்த எடையை அவர் எழுத முடியாது.

டாக்டர் வாயைத் திறந்தார்.

“டாக்டர்,” என்றாள் கடுகு, கன்னத்தைத் தடவிக்கொண்டு, “அதே மருந்துதானே மத்தியானம் எனக்கும் வச்சீங்க? நிக்காதா?”

வாய் திறந்தபடியே நின்றது.

“எனக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கீங்க” என்றாள் வலது பக்க மெஷின் பெண். “ரெண்டு பல்லு.”

“எங்க மாமியாருக்கு நீங்கதான் போன மாசம் அடைச்சீங்க” என்றாள் பின்னால் இருந்தவள். “அது?”

டாக்டர் அந்த அடைப்பைப் பார்த்தார். ஓரம் தெரியாமல், விரல் வைத்தால் வழுக்குகிற மாதிரி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்த வேலை. பிறகு கொட்டகையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வெளிச்சம் நன்றாகத்தான் விழுந்தது. அவருடைய தாடை இரண்டு தடவை அசைந்தது, மரக்க வைக்காமல் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறவன் தாடை மாதிரி.

“நிக்கும்” என்றார்.

“எத்தனை வருஷம்?” பரிசோதகர் பேனாவைத் தயாராக வைத்திருந்தார்.

“நான் அடைச்சா பத்து வருஷம் நிக்கும்.”

“எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பெயர், தொழில், தேதி.”

டாக்டர் படிவத்தை வாங்கி, காரின் பானெட் மேல் வைத்துக் குனிந்து எழுதத் தொடங்கினார். டைலரம்மா டப்பாவிலிருந்து பாபினை எடுத்து மெஷினில் போட்டார். நூலை நாவில் நனைத்து, ஊசியைத் தேடி, கண்ணைச் சுருக்கினார்.

“மாப்ள, எழுதி முடிச்சா அந்தப் பக்கம் போய் நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”